பதினோராவது விநாடியில் நிறுத்தியது யார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இருமல் நின்றதா? நின்றுவிட்டது என்று போனில் சொல்லிவிட்டு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறாய், பெற்றவளுக்குத் தெரியாதா அது. அப்பா பள்ளி வேனைத்தான் இன்னும் ஓட்டுகிறார், கண் டாக்டர் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்து மூன்று வாரமாகிறது, பழையதே நன்றாகத் தெரிகிறது என்று அடம்பிடிக்கிறார், நேற்று செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்ததை நான் பார்த்துவிட்டேன். தம்பிக்கு நர்சிங்கில் கடைசிப் பரீட்சை நெருங்குகிறது, வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து நாடி பார்க்கிறான், கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூட விடவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. போன வாரம் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். உன் வளையத்தின் சோதனையை நடுவில் நிறுத்தியவர் யாரென்று தெரியவில்லை என்றேன் அல்லவா, அது நான்தான்.

முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு. உங்கள் ஆய்வுக்கூடம் செய்த எரி வளையத்தை எங்கள் மின் நிலையத்தில் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடாமல் கிடக்கும் மூன்றாம் யூனிட்டின் பெரிய காற்று கம்ப்ரஸரும் தடித்த சுவர் வைத்த ஷெட்டும் எங்களிடம்தான் இருக்கிறது என்பதால் இங்கே அனுப்பினார்கள், அது உனக்கும் தெரியும். சோதனை நடக்கும்போது எங்கள் ஆள் ஒருவர் ஓட்டத்தை நிறுத்துகிற சிவப்பு பட்டன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. அதற்கு மீசைக்காரரைத்தான் போட்டிருந்தார்கள், எனக்கு மூன்று வருஷம் சீனியர், சின்ன வயதில் உன்னை டர்பைன் ஹாலுக்குத் தூக்கிப்போய்க் காட்டினாரே அவரேதான். சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் அவருக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது, சத்தத்தின் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்தது நான்தானே. உன்னிடம் சொன்னால் அங்கே நீ தூங்காமல் கிடப்பாய் என்று சொல்லாமல் விட்டேன். எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் உன் வளையத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினது உன் அம்மாதான் என்று சொல்லி உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று ஒரு ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

சோதனைக்காக உங்கள் கூடத்திலிருந்து வந்தாளே உன் தோழி, குட்டை முடி வைத்த பெண், நல்லவள். முதல் நாளே எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். மேஜையில் கிடந்த ஒட்டுநாடாவின் அட்டை வளையத்தை எடுத்து விரலால் உள்பக்கம் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். நானும் தலையை ஆட்டினேன். இருபத்தேழு வருஷமாக நான் பார்த்த டர்பைனில் காற்றை அமுக்கி உள்ளே விடுகிறோம், கேஸைக் கலந்து நிதானமாக எரிய விடுகிறோம், எரியும் இடத்தைத் தாண்டும்போது அழுத்தம் நூற்றுக்கு நாலோ ஐந்தோ குறையும், அதை யாரும் ஒரு குறையாகவே பேசினதில்லை, மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி. உன் வளையத்தில் தீ எரியாதாம், வெடிக்குமாம், வெடித்த அலை அந்த வளையச் சந்துக்குள்ளேயே விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றி ஓடுமாம், சூடான காற்று விரிந்துகொள்ள நேரமே கிடைக்காததால் அழுத்தம் குறைவதற்குப் பதில் ஏறுமாம், அதனால் கம்ப்ரஸர் அவ்வளவு பாடுபட வேண்டாம், அதே கேஸில் கூடுதல் கரண்ட் கிடைக்கும், விமானத்தில் வைத்தால் அதே எண்ணெயில் கூடுதல் தூரம் போகும். இது வரைக்கும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். புரிந்ததா என்று கேட்டால் இல்லை. அழுத்தம் முன்னால் ஏறுகிறது என்றால் அது ஏன் பின்னால் திரும்பி, கேஸ் வரும் வழியிலேயே போகாது? இதைத்தான் அவளிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "ஆன்ட்டி, அதுதான் எங்க எல்லாருக்கும் தலைவலி" என்றாள். அன்றைக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இப்போது யோசித்தால் அதுதான் என்னைக் குழப்பிவிட்டதோ என்று தோன்றுகிறது.

உனக்கு ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும், இதுவரை சொன்னதில்லை. நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது நான் ஒரு மாதம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேனே, நினைவிருக்காது. அப்போது இரண்டாம் யூனிட் பேனலில் நான் தனியாக இருந்தேன். தீ உறும ஆரம்பித்தது, கேட்டதும் யூனிட்டை நிறுத்த வேண்டிய அடையாளம் அது. அதற்கு முந்தின வாரம்தான் ஒன்றுமில்லாததற்கு யூனிட்டை நிறுத்திவிட்டேன் என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் என்னைக் கிழித்திருந்தார். அந்தப் பயத்தில் உடனே நிறுத்தாமல் மனசுக்குள் ஆறு வரைக்கும் எண்ணினேன். எரி அறையின் உள்பக்க ஓடு ஒன்று உடைந்து டர்பைன் இலைகளுக்குள் போய்விட்டது, யூனிட் நாலு மாதம் படுத்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை, அது என் நல்ல காலம். அன்றிலிருந்து உறுமல் கேட்டால் என் கை என்னைக் கேட்பதில்லை. பல பேர் என்னைக் காது கூர்மையானவள் என்பார்கள், உண்மையில் நான் பயந்தவள்.

சோதனை நாளன்று முதல் இரண்டு ஓட்டமும் ஒழுங்காகப் போனது. காதில் மூடி போட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தும் அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்குகிறது, ஊசியால் கண்ணாடியைக் கீறுகிற மாதிரி ஒரே கூச்சல். அதைக் கேட்டதும் என் கை தானாகப் பட்டன் மேல் போய்விட்டது. உன் தோழி என் முழங்கையைத் தொட்டு, "இதுதான் நல்ல சத்தம், பயப்படாதீங்க" என்றாள். எது வந்தால் ஓடணும் என்று படித்தேனோ அதுதான் இங்கே நல்லதாம், சரி என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது ஓட்டம் இருபது விநாடி. திரையில் எண் ஏறிக்கொண்டு வந்தது. பத்து தாண்டியதும் கூச்சல் சட்டென்று இறங்கியது, பெண் குரல் ஆண் குரலான மாதிரி. நாற்காலியின் கால் வழியாக ஒரு நடுக்கம் வந்தது. கேஸ் லைனின் அழுத்தம் காட்டும் முள் ஒரு தடவை துள்ளியது, துள்ளியதாகத்தான் எனக்குப் பட்டது. அழுத்திவிட்டேன். அப்புறம் வந்த அமைதி இருக்கிறதே, அதில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் தோழி, "ஏன் நிறுத்துனீங்க?" என்றாள், கோபமாகக்கூட இல்லை, அழுகிற மாதிரி. "சத்தம் மாறிச்சு" என்றேன். "மாறணும்னுதான் ஆன்ட்டி காத்துட்டிருந்தோம். வளையத்துல சுத்தின ரெண்டு அலை ஒண்ணாச்சு. அது நிலைச்சு நிக்குதான்னு பாக்கத்தான் இந்த ஓட்டமே" என்றாள். முள்ளைப் பற்றிச் சொன்னேன், பார்க்கிறோம் என்றார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உன் போன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். "யாரும்மா அது, கை நடுங்கி பட்டனை அழுத்தின ஆளு? ஏழு மாச வேலை, பதினோரு செகண்டுல முடிச்சுட்டாரு" என்றாய். முடிச்சுட்டாரு என்று மரியாதையோடு திட்டினாய் பார், அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு யாருன்னு தெரியலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ராத்திரி அவரிடம் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலை வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அழுத்துனது உன் கை. சொல்ல வேண்டியது உன் வாய்தானே, வேற யாரு வந்து சொல்லுவா" என்றார். அவருக்குத் தீயும் தெரியாது அலையும் தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனிமேல்தான் எனக்கு ஒன்றும் புரியாத பகுதி. நாலு நாள் கழித்து வளையத்தைக் கழற்றினார்கள். கேஸ் வரும் துளைகளில் மூன்றின் பின்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது, நகம் அளவுக்கு. தீ பின்னால் எட்டிப் பார்த்த அடையாளம். நான் பெருமூச்சு விட்டேன், நாம் செய்தது சரிதான் என்று. ஆனால் உன் தோழி, அது முதல் ஓட்டத்தில் பற்றவைக்கும்போதே வந்ததாகவும் இருக்கலாம் என்றாள். மூன்றாவதில் வந்தது என்றே வைத்தாலும், நிறுத்தாமல் விட்டிருந்தால் அடுத்த நொடியே தானாக அடங்கியிருக்கலாம், அல்லது கேஸ் லைனுக்குள் ஓடி வெடித்திருக்கலாம் என்றாள். "எதுன்னு சொல்ல முடியாது ஆன்ட்டி, சொல்றதுக்குள்ள நின்னுடுச்சே" என்றாள். அறிக்கையில் நிறுத்தியதற்கான தேவை உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள், உனக்கும் வந்திருக்கும். மீசைக்காரர் காதில் பஞ்சோடு வந்து, ஷெட்டையே காப்பாத்திட்டே என்கிறார். மேலாளர் காலையில் பாராட்டினார், மத்தியானம் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்றார். நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? ஆறு எண்ணியபோது தப்பு என்றார்கள், எண்ணாமல் அழுத்தினால் தப்போ சரியோ தெரியவில்லை என்கிறார்கள். உன் ஏழு மாதத்தைக் கெடுத்தேனா, உன் வளையத்தைக் காப்பாற்றினேனா? இரண்டுமே நிஜமாக இருக்க முடியுமா? பாத்திரம் கழுவும்போதும் இதையே நினைத்து, கழுவினதையே மறுபடி கழுவுகிறேன்.

நேற்று உன் தோழி வீட்டுக்கே வந்தாள். அடுத்த மாதம் துளைகளைச் சின்னதாக்கி மறுபடி ஓட்டப் போகிறார்களாம், பட்டன் பக்கத்தில் நான்தான் உட்கார வேண்டும் என்கிறாள். மீசைக்காரருக்குக் காது சரியாகிவிட்டதே என்றேன். "முள்ளு துள்ளினதை அங்க வேற யாருமே பாக்கலை ஆன்ட்டி. பதிவுல தேடினப்பதான் எங்களுக்கே கிடைச்சுது" என்றாள். என் மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ என் மகள் என்று அவளுக்குத் தெரியும், அழுத்தியது நான்தான் என்று உன்னிடம் நானே சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், சொல்லவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. விழுந்து விழுந்து சிரிப்பாளோ, திட்டுவாளோ.

ஆகவே கேட்கிறேன். நான் உட்காரட்டுமா வேண்டாமா? உட்காரச் சொன்னால் எனக்கு இன்னொரு தடவை விளக்கம் அனுப்பாதே, அது என் மண்டையில் ஏறவில்லை. சத்தம் அனுப்பு. உங்கள் கூடத்தில் ஓட்டினதில் இரண்டு அலை ஓடும் சத்தம், ஒற்றை அலைச் சத்தம், தீ பின்னால் போய்க் கெட்டுப்போன சத்தம், மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து அனுப்பு. காதில் மாட்டிக்கொண்டு மனப்பாடமாகிற வரைக்கும் கேட்கிறேன். அதற்கப்புறமும் எனக்குத் தப்பாகப் பட்டால் எத்தனையாவது விநாடி என்று பார்க்க மாட்டேன் கண்ணு, அழுத்திவிடுவேன், உன் வளையமாக இருந்தாலும். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் உட்காரச் சொல். சம்மதமில்லை என்றாலும் அதைச் சொல்ல எனக்குப் போன் பண்ணு, இந்தத் தடவை உண்மையே பேசுகிறேன்.

நீ எடுத்த காரியம் கைகூடட்டும், நல்ல மனுஷர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், தீர்க்காயுசாக இரு. இருமலுக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. அப்பாவிடம் கண்ணாடியைப் பற்றி நீயே சொல், நீ சொன்னால்தான் கேட்பார்.

அன்பு மாறாத,
உன் அம்மா