தண்ணிப் பிரச்சினை

பிப்ரவரி 11, செவ்வாய்

அச்சகத்தில் இன்று பிழை பார்க்க வந்ததில் ஒரு துண்டு நோட்டீஸ். “குடியைவிட நினைப்போர் சந்திப்பு. வியாழன் மாலை, நூலகக் கட்டடம், மாடி.” சேர்த்து அடித்துவிட்டார்கள். குடியைவிட வேறு எதை நினைப்பதாம்? நடுவில் இடைவெளிக் குறி போட்டேன். குடியை - விட. அப்புறம் அந்தத் தாளை அனுப்பவே மனசு வரவில்லை. மெஷின்காரர், “என்ன சார், நாலு வரிக்கு நாப்பது நிமிஷமா?” என்று சத்தம் போட்டார்.

வீட்டுக்கு வந்தால் பாப்பா பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறாள். மனைவி வேலை முடிந்து வந்துதான் அழைத்து வருவாள். அப்பன் நான் இங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போதே! போன மாதம் நான் சோபாவில் போதையில் கிடந்தேன். பசிக்கிறது என்று அந்த ஏழு வயசுக் குழந்தை தானே அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறது. அன்றோடு சரி. “இனி இவளை உங்ககிட்ட தனியா விட மாட்டேன்” என்றாள் மனைவி. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

பிப்ரவரி 13, வியாழன்

மானம் கப்பலேறிய நாள்.

நூலக மாடியில் வரிசையாக அறைகள். முதல் அறைக் கதவில் ஒட்டிய தாள் பாதி பிய்ந்து சுருண்டிருந்தது. தெரிந்தது “குடி” மட்டும். எனக்கு அது போதாதா? உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். பெண்கள், பெரியவர்கள், இஸ்திரி போட்ட சட்டைகள். அட, இவர்களுமா! கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

முன்னால் நின்ற அம்மா கேட்டார்: “தண்ணிப் பிரச்சினை யார் யாருக்கு இருக்கு? கூச்சப்படாம கை தூக்குங்க.”

அறையே கை தூக்கியது. பக்கத்தில் இருந்த பெரியவர், “எங்க வீட்டுல எல்லாருக்கும் இதே அவஸ்தைதான்” என்றார். நானும் எழுந்துவிட்டேன்.

“எனக்குப் பல வருஷமா இருக்குங்க. இப்பல்லாம் காலையிலேயே ஆரம்பிச்சுடுது. எப்படியாவது நிறுத்தணும்.”

“காலையிலயே வருதா? நிறுத்தணுமா?” பெரியவர் வாயைப் பிளந்தார். “எங்களுக்குச் சொட்டுக்கூட வரலைன்னு அழுதுட்டு இருக்கோம். நீங்க எந்த பிளாக்?”

அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா? நான்பாட்டுக்கு, “என் குழந்தையை என்னை நம்பி விட மாட்டேங்கறா என் பொண்டாட்டி” என்று சொல்லி அழுதுவிட்டேன். அந்த அம்மா வந்து, கதவில் சுருண்டிருந்த தாளை விரித்துக் காட்டினார்.

குடியிருப்போர் சங்கக் கூட்டம். பிரச்சினை, குழாயில் தண்ணீர் வராதது. ஒரு சொல்லை முழுசாகப் படிக்கத் தெரியாதவனுக்குப் பிழை திருத்தும் வேலை!

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா என்னைக் கடைசி அறை வரை கூட்டிக்கொண்டு வந்தார். “இங்க சொன்னதையே அங்கயும் சொல்லுங்க. நல்லாத்தான் சொன்னீங்க” என்றார். நான் உள்ளே போகும்வரை நின்றார். இல்லாவிட்டால் படியிறங்கி ஓடியிருப்பேன்.

உள்ளே ஆறேழு பேர். நடத்துபவர் ஒரு பஸ் டிரைவர். நடந்ததைச் சொன்னேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் வயிறு வலித்தது. “முதல் நாள் வர்றவங்க வாயே திறக்க மாட்டாங்க. நீங்க ரெண்டு கூட்டத்துல பேசிட்டீங்களே!” என்றார் டிரைவர். குடிக்காமல் நான் சிரித்து எவ்வளவு காலம்?

பிப்ரவரி 15, சனி

கை நடுங்குகிறது. டிரைவர் சொன்னபடி டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை. எழுத்து கோணல்.

பிப்ரவரி 22, சனி

மதுக்கடை வாசல் வரை போய்விட்டேன். கால் தானாகப் போகிறது — இல்லை, நான்தான் போனேன். டிரைவருக்குப் போன் செய்தேன்.

“எதிர்ல என்ன இருக்கு?”

“சலூன்.”

“போய் உட்காருங்க. வந்துட்டே இருக்கேன்.”

உட்கார்ந்த பாவத்துக்கு முடி வெட்டிக்கொண்டேன். வீட்டில் அவள் வழக்கம்போல் பக்கத்தில் வந்து மூச்சை மோந்து பார்த்தாள். “முடி வெட்டினீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 6, வியாழன்

கடைசி அறை வாசலில் அந்தப் பெரியவர். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. “எங்க பிளாக்குல தண்ணி வந்துடுச்சு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் வந்தது உங்க தண்ணிக்கு” என்றார். என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

“பால் வாங்கிட்டு வரேன்” என்று மனைவி கிளம்பினாள். பாப்பாவை அழைத்துப் போகவில்லை! நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். பாப்பா படம் வரைந்தாள். மனைவி போன வேகத்தில் திரும்பி வந்தாள். பாதிப் படியிலேயே நின்றிருப்பாளோ? கையில் பாலும் இல்லை. நிற்கட்டும், அவள் நின்றதில் என்ன தப்பு?

மார்ச் 17, திங்கள்

ஒன்றுமில்லை. நல்ல நாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

பாப்பாவுக்குக் காய்ச்சல். பள்ளியில் கூப்பிட்டார்கள் என்று மதியமே போய் அழைத்து வந்தேன். மருந்து கொடுத்தேன், துப்பினாள், மறுபடியும் கொடுத்தேன். என் சட்டை முழுக்க ஆரஞ்சு நிறம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்தார். “குழந்தைக்கு உடம்பு சரியில்லையாமே, நான் தூக்கிட்டுப் போகவான்னு உன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணேன்” என்றார்.

“என்ன சொன்னா?”

“எதுக்குக்கா, அவர்தான் இருக்காரேன்னுட்டா.”

பாப்பா கூப்பிடுகிறாள்.