சட்டியில் ஒன்றும் இல்லை

12 மார்ச் 1947
முத்துக்குளிப்பு முகாம், ஆஸ்பத்திரிக் கொட்டகை. நான் ஒருத்திதான் நர்ஸ். இன்று காதுவலி ஒன்பது, வயிற்றுவலி இரண்டு. வயிற்றுவலி என்று வந்தாலே எனக்குச் சந்தேகம். முத்தை முழுங்கினவனும் அதைத்தானே சொல்லுவான்?

14 மார்ச்
காயல்பட்டினத்து ஹாமிது, முத்துக்குளிக்கிறவன். தோணி விளிம்பில் இடது விலா இடித்துவிட்டதாம். தோலில் கீறல்கூட இல்லை. காவல்காரன் வன்னியபெருமாள் கூடவே வந்துவிட்டான். "முழுங்கியிருக்கான் சிஸ்டர். தோணியிலயே சிப்பியத் தொறந்திருக்கான்."

பிரஷர் 116. நல்ல பிரஷர். நடிக்கிறான்! முத்து வெளியே வரட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுத்தேன். இங்கே வழக்கம் அதுதான் — எண்ணெய், ஒரு சட்டி, சட்டிக்கு ஒரு காவல்.

அவன் பெண்டாட்டி ஹாஜரா பீவி வாசலைவிட்டு நகரவில்லை. அவள்மேலும் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

15 மார்ச், காலை
பிரஷர் 112. நாடி மட்டும் 124. திருடனுக்குப் பயம் இருக்காதா? தண்ணீர் தண்ணீர் என்கிறான். எண்ணெய் வேலை செய்யவில்லை. சட்டி காலி.

"அடக்குதான், பாருங்க" என்கிறான் வன்னியபெருமாள்.

மாலை
ஒரு கூஜா தண்ணீர் குடித்தவன் நேற்றிலிருந்து சொட்டு மூத்திரம் போகவில்லை. அடிவயிற்றை அமுக்கினேன். மூத்திரப்பை நிரம்பவே இல்லை. அப்போ எதை அடக்குதான்? கையைத் தொட்டால், ஐயோ, இந்த வெயிலில் ஜில்லென்று வேர்த்திருக்கு.

டவுனுக்கு ஆள் விட்டேன். டாக்டர் ஞானையா வந்து என் சீட்டைப் பார்த்ததும் கத்தினார். "பிரஷர நம்பிட்டியே, கிருபை! உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா அட்ரினல் சுரப்பி சும்மா இருக்குமா? கைகால் ரத்தக்குழாய இறுக்கி, இருக்கிற ரத்தத்த நெஞ்சுக்கும் மூளைக்கும் திருப்பிவிடும். மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பி மூத்திரத்தக் குறைச்சு தண்ணிய மிச்சம் பிடிக்கும். நம்பர் நல்லாத்தான் நிக்கும். அதுக ஓய்ஞ்சா ஒரேயடியா விழும்."

வண்டியில் ஏற்றும்போது பிரஷர் 70.

வன்னியபெருமாள் சட்டியையும் ஏற்றச் சொன்னான். கட்டையில போறவன்! அவன் காலடியிலேயே போட்டு உடைத்தேன்.

16 மார்ச்
மண்ணீரல் கிழிந்திருந்ததாம். வயிறு நிறைய ரத்தம். மச்சான்காரன் ரத்தம் கொடுத்திருக்கிறான். உயிர் இருக்கிறது. முத்து? தெரியாது, நான் கேட்கவில்லை. ஒரு நாள் முழுக்க அவனை வேவு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேனே, பாவி.

23 மார்ச்
டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹாமிது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மருந்து நேரம். அவுன்ஸ் கிளாஸில் ஊற்றி நான் நீட்டினேன். ஹாஜரா பீவி குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். மோந்து பார்த்தாள். ஒரு மடக்கு தானே குடித்துவிட்டு, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவனுக்குக் கொடுத்தாள்.