தடம் காலியாக இருந்தால்

மார்ச் 3, செவ்வாய். காலை 7 முதல் 8 வரை.
பாலத்துச் சாலை, சைக்கிள் தடம். எண்ணிக்கை: 614.

அக்காவுக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

மேலே உள்ள எண்ணிக்கையை நானே நின்று எண்ணினேன். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நகராட்சி ஆணையின் கீழே உன் கையெழுத்தைப் பார்த்தேன், நன்றாகச் சுழித்திருந்தாய். "போக்குவரத்து நெரிசலைக் குறைக்கும் பொருட்டு, பாலத்துச் சாலையின் சைக்கிள் தடம் அகற்றப்படும்." இதை எழுதிய மகானுபாவர் யார்? 614 பேரும் ஆவியாகிப் போய்விடுவார்களா? தடத்தை எடுத்தால் அவர்கள் காருக்கு முன்னால்தான் ஓட்டுவார்கள். பயந்தவர்கள் கார் வாங்குவார்கள். இதில் நெரிசல் எங்கே குறைகிறது? பத்தாம் வகுப்புக் கணக்கு இது. நீ பொறியியல் படித்தவள்.

நகர்மன்றத்தின் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நாற்காலி போதாமல் ஜனம் மாடிப்படியில் நின்றது. ஒரு நர்ஸ் பேசினார், ஒரு சமையல்காரர் பேசினார். நானும் பேசினேன், கத்தினேன் என்றே வைத்துக்கொள். உறுப்பினர்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தலைவர் "கருத்துகள் பதிவு செய்யப்பட்டன" என்று எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான் ஜனநாயகம்.

அம்மா இன்னும் அந்தத் தடத்தில்தான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போகிறாள். தடம் இல்லாத காலத்தில் வேன் இடித்து அவள் விழுந்ததும், தொடையில் தகடு வைத்ததும் உனக்கு மறந்திருக்காது. அதன்பிறகு நீதானே அந்தத் தடத்தை வரைந்தாய்? வரைந்த கையே அழிக்கிறது என்றால் என்ன சொல்ல.

பதில் எழுது. சாக்குப்போக்கு வேண்டாம்.

தம்பி

---

மார்ச் 7

அன்புத் தம்பிக்கு,

எருமை என்றுதான் எழுத வந்தது. அம்மா படிப்பாளே என்று மாற்றிக்கொண்டேன்.

ஆணையில் கையெழுத்துப் போடுவது நான், ஆணை போடுவது நானில்லை. போடமாட்டேன் என்றால் பக்கத்து மேஜைக்காரர் போடுவார், என்ன ஏது என்று படிக்காமலே போடுவார். உனக்குக் கத்தக் கூட்டம் இருக்கிறது. எனக்கு ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும்தான்.

என் தலைவலி உனக்கு எங்கே தெரியப்போகிறது? கோடு சுரண்டும் எந்திரத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அதற்கு அனுமதி காலை ஐந்து முதல் ஏழு வரைதான். முன்பு ஒரு தொழிலாளிக்குக் கால்விரல்கள் போனபின் நானே ஒரு விதி எழுதினேன்: எந்திரத்துக்கு முப்பது மீட்டருக்குள் எந்த வண்டி வந்தாலும் அணைத்துவிட வேண்டும். சைக்கிளும் வண்டிதான். தடத்தை அடைத்துத் தாருங்கள் என்று போலீஸைக் கேட்டேன். நெரிசலைக் குறைக்கும் வேலைக்காகச் சாலையை அடைக்க முடியாது என்று சிரிக்காமல் பதில் எழுதியிருக்கிறார்கள். மூன்று நாளில் வேலை தொடங்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து. பிறகு எல்லாம் முதலிலிருந்து, மன்றத்தில் மறுபடி வாக்கெடுப்பு.

16-ம் தேதி, திங்கட்கிழமை தொடக்கம். அந்த மூன்று நாளும் அம்மாவை பஸ்ஸில் போகச் சொல். விடியற்காலையில் யாரும் தடத்தில் போய்வந்துகொண்டிருக்காமல் பார்த்துக்கொள். அப்படி அவர்கள் போய்வந்துகொண்டிருந்தால் என்னால் எதுவுமே செய்யமுடியாது, தெரிகிறதா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

---

மார்ச் 9

அக்காவுக்கு,

அம்மாவின் காலைப் பற்றிக் கேட்டேன். நீ எந்திரத்தின் சௌகரியத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் அலுவலக விதியெல்லாம் எனக்கு எதற்கு? அழிப்பதும் அழிப்பாய், அழிப்பதற்கு இடைஞ்சல் இல்லாமல் நான் ஊரைக் காவல் காக்கவும் வேண்டுமா? நல்ல கூத்து.

இனி எனக்கு எழுதாதே.

தம்பி

---

மார்ச் 10

அக்கா,

நேற்றைய கடிதத்தைக் கிழித்துப் போடு. படித்திருந்தால் படிக்காததாக நினைத்துக்கொள்.

கோபத்தில் உன் கடிதத்தை சைக்கிள் ரிப்பேர் கடை அக்காவிடம் நீட்டி, "பாருங்க, எங்க வீட்டுல பொறந்தத பாருங்க" என்றேன். அவர் டியூபைத் தண்ணீரில் முக்கியபடியே படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, நீ இஞ்சினியருதானே?"

"ஆமா."

"எந்தக் கடையில வாங்குன அந்தப் பட்டத்த? எத்தன மணிக்கு வரணும், எவ்வளவு கிட்ட வரணும், எத்தன நாள் வரணும்... எல்லாத்தையும் புட்டுப்புட்டு வெச்சிருக்கா அந்தப் பொண்ணு. இதுக்கு நீ சண்டை போட்டு பதில் வேற எழுதியிருக்க!"

காற்று இறங்கியது டியூபுக்கு மட்டுமல்ல.

இதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. அம்மா பஸ்ஸில் போகமாட்டேன் என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை.

தம்பி

---

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

மூன்று நாள் நடந்ததை நீயும் பார்த்தாய், இருந்தாலும் எழுதுகிறேன். திங்கட்கிழமை நாற்பது சைக்கிள் இருக்கும். எந்திரத்தைப் போட்டோம், அணைத்தோம். இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் திரும்பி மறுபடி வந்தார்கள். ஒருவரும் கோஷம் போடவில்லை, நிற்கவுமில்லை. ஒப்பந்தக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு, "என்ன மேடம், இவங்களுக்கெல்லாம் வேல வெட்டி இல்லையா?" என்றார். "வேலைக்குத்தான் போறாங்க" என்றேன். "போனவங்களே திரும்பத் திரும்பப் போறாங்களே!" என்றார்.

மூன்றாம் நாள் கூட்டம் எண்ணில் அடங்கவில்லை. அம்மாவும் வந்தாள். என் பக்கத்தில் வந்து மணியடித்து, முன்பின் பார்த்திராதவள் மாதிரி, "கொஞ்சம் ஓரமா நில்லும்மா, வேலைக்கு நேரமாச்சு" என்றாள். நின்றேன். ஏழு மணி ஆனது. எந்திரத்தை லாரியில் ஏற்றினார்கள். ஒரு கோடும் அழியவில்லை, ஒப்பந்தம் ரத்து.

நேற்று மதியம் மேலதிகாரி கூப்பிட்டார். ஏன் நிறுத்தினாய் என்றார். விதியைக் காட்டினேன். "யார் எழுதின விதி?" என்றார். "நான் எழுதினது, நீங்க ஒப்புதல் குடுத்தது" என்றேன். மாலையில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. இனி தெருவிளக்குப் பிரிவு. சாலைப் பிரிவில் பதினோரு வருஷம். போகட்டும்.

விசாரணை இருக்கிறது. நீ என் தம்பி என்று அவர்களுக்குத் தெரியும். நான் உனக்கு எழுதியது வெறும் புலம்பல். நீங்களாக எதையாவது கற்பனை செய்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஆட்டம் போடாதீர்கள். ஏப்ரல் 6-ம் தேதி மன்றத்தில் மறுபடி வாக்கெடுப்பு. என் நாற்காலிக்கு வருபவர் அந்த விதியை ஒரே கையெழுத்தில் மாற்றிவிடலாம்.

விசாரணை முடியும்வரை எனக்குக் கடிதம் போடாதே. போன் வேண்டாம், வீட்டுக்கும் வரவேண்டாம்.

அம்மாவுக்குக் காலுக்குத் தைலம் வாங்கிக் கொடு. கேட்கமாட்டாள், நீயாக வாங்கு.

அக்கா

---

மார்ச் 21

அக்கா,

இதுதான் கடைசி, அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடு.

தொழிலாளியைக் காப்பாற்ற ஒரு மனுஷி எழுதிய விதி, ஆறு வருஷம் நல்ல விதியாக இருந்தது. சைக்கிள்காரனையும் காப்பாற்றியதும் குற்றமாகிவிட்டதா? தப்பு செய்தவனெல்லாம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். சரியாகச் செய்தவளுக்கு மாற்றல். உன்னை "வரைந்த கையே அழிக்கிறது" என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. மன்னிப்பெல்லாம் எனக்குச் சரியாக எழுத வராது. அதனால் செய்யப்போவதை எழுதுகிறேன்.

1. ஏப்ரல் 6-ம் தேதி மன்றத்துக்குப் போவேன், வாயைத் திறக்கமாட்டேன். ரிப்பேர் கடை அக்கா பேசுவார். அவர் பேசினால் போனைத் தடவ எவனுக்கும் தைரியம் வராது.

2. நெரிசல் உண்மையில் எங்கே தொடங்குகிறது என்று ஒரு வாரம் பார்ப்பேன். மூலைக்கடை முன்னால் சரக்கு வண்டிகள் இரட்டை வரிசையில் நிற்பதுதான் காரணம் என்பது என் சந்தேகம். உறுதியானால் ஒரே ஒரு தாளில், கோபம் இல்லாமல் எழுதிக் கொடுப்பேன்.

3. உன் மேலதிகாரியைப் பார்க்கப் போகமாட்டேன். இதை எழுதுவதற்குள் இரண்டு தடவை செருப்பை மாட்டிக் கழற்றினேன்.

4. தைலம் வாங்குவேன்.

5. பாலத்துச் சாலையில் நாலாவது விளக்கு எரிவதில்லை. தெருவிளக்குப் பிரிவுக்குப் பொதுமக்களில் ஒருவனாகப் புகார் எழுதுவேன். அடுத்த வாரம் இன்னொரு விளக்கு, அதற்கடுத்த வாரம் இன்னொன்று. பெறப்படும் ஒவ்வொரு புகாருக்கும் ஏழு நாளுக்குள் அதிகாரி தன் கைப்பட பதில் எழுதவேண்டும். விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டேன்.