எடுத்தது, காரணம், சொன்னது

என் மாப்ளே ஜெபா,

உன்னைக் கொன்றது மில். மில்லுக்காரர்கள் எழுதி வைத்திருக்கிற காகிதத்தில் உன்னைக் கொன்றது ஒரு வீடியோ கேம்.

அதைப் படித்துவிட்டேன். ‘இறந்தவர் வேலை நேரத்திலும் விளையாட்டு நினைவிலேயே இருப்பவர். கவனக்குறைவால் ஓடும் இயந்திரத்தின் கதவைத் திறந்தார்.’ கீழே, இப்படிச் சொன்னவர் என்று என் பெயர்.

ஆமாம், நான்தான் சொன்னேன். சோழபுரம் கல்லறைத் தோட்டத்தில் உனக்கு மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது மில் ஆபீஸ் ஆள் ஒருவர் என் தோளில் கை போட்டார். “தம்பி எப்படிப்பட்ட ஆளுப்பா?” என்றார். “அவன் சும்மா ஃபிட்டர் இல்ல சார். மில்லுல நின்னாலும் மனசு கேம்லதான் ஓடும்” என்றேன். செத்தவனை ஒரு படி உயர்த்திப் பேசுவதுதானே நம் பக்கத்து வழக்கம்? அதையும் வாக்குமூலமாக எழுதிக்கொள்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ விளையாடவே இல்லை என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? துப்பாக்கி பிடித்தவனின் கண் வழியாகப் பார்த்தபடி, சந்து சந்தாகப் போய்ப் பேய்களைச் சுடுகிற பழைய கம்ப்யூட்டர் கேம் அது. அதை நாம் சின்ன வயசில் ஆடிய டிவி கேமில், கேசட் செருகுகிற, மெமரி துளியூண்டே இருக்கிற அந்த ஓட்டைப் பெட்டியில், ஓடவைக்கப் பார்த்தாய். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்துவிடுவாய். ஒரு டியூப் டிவி, உன் நோட்டு, என் பற்றவைப்புக் கம்பி.

“தேரைச் சந்துக்குள்ள இழுக்கணும்லே. எதையாச்சும் கழட்டித்தான் ஆகணும்” என்பாய்.

“தரையைக் கழட்டு. தரையை எவன் பாக்கப் போறான்?” என்றேன். தரையின் படத்தை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறம் வைத்தாய். அடுத்து பேய்களின் முதுகை எடுத்தாய். ஒவ்வொன்றுக்கும் முன்பக்கப் படம் மட்டும். “இனி எந்தப் பக்கம் போனாலும் நம்மளத்தான் மொறைக்கும்” என்று சிரித்தாய்.

எடுத்த ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாய். மூன்று கட்டம்: எடுத்தது, காரணம், சொன்னது. தரை, மெமரி இல்லை, ‘காளி’ என்று என் பெயர். பேய்களின் முதுகு, மெமரி இல்லை, ‘நான்’ என்று நீ.

“ஏலே, இது என்ன போலீஸ் ஸ்டேஷனா?”

“எடுத்ததை எழுதலன்னா, பொறவு எதனால நிக்குதுன்னே தெரியாது மச்சான்.”

போன வாரம் கேசட்டைச் செருகிப் பார்த்தேன். ஓடுகிறது. மூன்றாவது கதவைத் திறந்ததும் திரை உறைந்துவிடுகிறது. காரணம் தேடி நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், கேமுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரி.

எடுத்தது: மூணாம் நம்பர் கார்டிங் கதவு சுவிட்ச். காரணம்: கதவைத் திறந்தா மெஷின் நிக்குது, உற்பத்தி குறையுது. சொன்னது: அந்தக் கட்டம் காலி. ஓரத்தில் பொடி எழுத்தில், ‘உத்தரவை எழுத்துல கேட்டிருக்கேன்.’

பஞ்சைச் சீவுகிற மெஷின் கார்டிங். கதவு திறந்தால் அது நிற்க வேண்டும் என்பதற்காகவே ஒரு சுவிட்ச். அதைக் கழற்றி ஒயரை முறுக்கிவிட்டால், உருளை சுற்றச் சுற்றவே கையை விட்டு அடைப்பை எடுக்கலாம். அப்படி எடுக்கத்தான் கழற்றச் சொன்னார்கள். அப்படி எடுக்கும்போதுதான் நீ போனாய். இதில் எங்கே இருக்கிறது உன் கவனக்குறைவு?

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஏன் எடுத்தாய்? மாட்டேன் என்று சொல்ல வாய் இல்லையா? சொன்னால் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவோடு மில்லுக்குப் போனேன். மேனேஜர் அந்தக் காகிதத்தையும் பேனாவையும் முன்னால் தள்ளினார். “ஒரு கையெழுத்துதாம்மா. முடிச்சுரலாம்.”

“எழுதுனதை ஒருக்கா வாசிங்க சார்” என்றாள் அத்தை. வாசித்தார். கேட்டு முடித்தவள், “எம் மவன் கேம் ஆடி நான் பாத்ததில்ல. பரீட்சைக்குப் படிக்கிறவன் கணக்கா எழுதிக்கிட்டேல்லா இருப்பான்” என்றாள். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டாள்.

நான் நோட்டை விரித்து, அதே பேனாவை அவரிடம் நீட்டினேன். “அவன் எழுத்துல கேட்டது இதுதான் சார். இந்தக் கட்டத்தை மட்டும் எழுதிருங்க. சொன்னது யாரு?”

அவர் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு யாருக்கோ போன் போட்டார். உன் பேய்களுக்குத்தான் முதுகு கிடையாது மாப்ளே.

நான் கல்லறைத் தோட்டத்தில் உளறியதை மறுத்து எழுதி, நோட்டின் நகலோடு தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அதோடு விடப்போவதில்லை. அத்தையின் கையெழுத்து அந்தக் காகிதத்தில் விழாது. இது சத்தியம். உன் பட்டியலைக் கேசட்டின் முதல் திரையில் ஏற்றுகிறேன். கடைசி வரியும் சேர்த்துத்தான். கேமைத் தொடுகிறவன் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

செவ்வாய்தோறும் நோட்டோடு மில் வாசலில் நிற்பேன். மூணாம் நம்பர் கார்டிங்கின் கதவு சுவிட்சை எடுக்கச் சொன்னவர் தன் பெயரைத் தன் கையால் எழுதட்டும். இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை அந்தக் கட்டம் காலி.

உன் மச்சான்,
காளி