டின் பீரும் பித்தளைக் குழாயும்

மானிட்டோவாக், விஸ்கான்சின்
மார்ச் 29, 1994

அன்புள்ள லியாண்டருக்கு,

இங்கே நானும் ஜோலினும் நலம். உன் உடம்பும் கப்பலின் என்ஜினும் எப்படி இருக்கின்றன? ஏரியில் பனி சீக்கிரம் உடைந்துவிட்டது என்று உன்னைப் பத்து நாள் முன்னதாகவே கூப்பிட்டுக்கொண்டார்கள். போன அவசரத்தில் குளிருக்குப் போடும் கோட்டை மறந்துவிட்டாய். கதவுக்குப் பின்னால் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பீர் காய்ச்சிவிட்டேன்.

மார்ச்சில் காய்ச்சி, கோடை முழுக்கக் குளிரில் உறங்கவைத்து, செப்டம்பரில் குடிக்கிற அதே திருவிழா பீர்தான். பெண்ணின் கல்யாணத்துக்கு முதல் பீப்பாயை அப்பாவே காய்ச்சி, அப்பாவே சுத்தியலால் குழாயை அடித்து இறக்கித் திறக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். உன் தங்கை கல்யாணத்தில் உன் அப்பா திறந்ததை நானே பார்த்தேன். நீயோ புறப்படும்போது, "இந்த வருஷம் விட்டுடு வெரோனா, கடையில சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டாய். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். இருபத்தேழு வருஷமாக உன்னோடு குடித்தனம் நடத்துகிறேன். முகம் பார்க்காமல் நீ சொல்வது எதையும் நான் நம்புவதில்லை.

தானியத்தை அரைத்து, ஊறவைத்து, ஆறு மணி நேரம் அதன் சூட்டைக் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொள்கிற உன் வேலை என்னால் ஆகாது. அதனால் எதிர்வீட்டு நார்பர்ட் சொன்னபடி டின்னில் வரும் மால்ட் பாகு, அதுதான் முளைகட்டின பார்லிப் பாகு, வாங்கினேன். கத்தாதே. "டின்லேர்ந்து வர்றது பீர் இல்ல, கஷாயம்" என்று நீ சொல்வது இங்கே வரைக்கும் கேட்கிறது.

டின்னை வெந்நீரில் நிறுத்தி இளக்கி, அடுப்பை அணைத்துவிட்டுப் பாகை ஊற்றினேன். இல்லாவிட்டால் அடிப்பிடித்துவிடும். அது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்டியை நக்கிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவிட்டபோது ஒரு நிமிஷம் திரும்பினேன், பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. பின்படியில் மிச்சம் கிடந்த பனிக்குவியலில் பானையைப் புதைத்து ஆறவைத்தேன். இப்போது ஈஸ்ட் போட்ட கண்ணாடி ஜாடி நிலவறை ஃபிரிட்ஜில், நீ கதவில் ஒட்டிவைத்த செய்முறைத் தாளின்படி இருக்கிறது.

ஜோலின் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "அப்பா வருவார்னு நம்பியாம்மா இவ்வளவும்?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. மே மாதம் அவளுடைய முதல் நற்கருணை, ஜூன் மாதம் பள்ளி முடிப்பு விழா, எல்லாமே கப்பல் ஓடுகிற மாதங்களில்தானே வந்தன. அவள் கல்யாணம் வைத்திருக்கிற செப்டம்பர் பதினேழும் அப்படித்தான்.

பத்திரமாக இரு.

உன் வெரோனா


மே 15

அன்புள்ள லியாண்டருக்கு,

துலூத் துறைமுகத்திலிருந்து நீ போட்ட அட்டை கிடைத்தது. ஒரு வரி எழுதினாலும் சுருக்கென்று எழுதுகிறாய். "டின் பீரைத் திறக்க ஏரி தாண்டி வரணுமா?" என்று. வர வேண்டும். நீ திறக்கப்போவது பீரை மட்டும் இல்லை என்று உனக்கும் தெரியும்.

உன் தாளில் ஒரு இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறாய். எட்டு நாள் நுரைத்தபின் ஃபிரிட்ஜை நிறுத்தி, ஜாடியை இரண்டு நாள் வெதுவெதுப்பில் வைத்து, அப்புறம் கடுங்குளிருக்குக் கொண்டுபோக வேண்டுமாம். தூக்கக் கலக்கத்தில் எழுதினாயோ என்னவோ. வெண்ணெய் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்க்கிறவள் நான். ஒருமுறை குளிர்ந்ததைச் சூடேறவிட்டால் எங்கள் ஃபோர்மன் உயிரை வாங்கிவிடுவார். அந்த வரியை விட்டுவிட்டு நேராகக் குளிரில் வைத்துவிட்டேன். தங்க நிறத்தில் கண்ணாடிபோலத் தெளிந்து வருகிறது.

ஜோலினுக்கு உடை தைக்கக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை டேல் ஞாயிற்றுக்கிழமை வந்து கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயைச் சுத்தம் செய்தான். நீ மூன்று வருஷமாகச் செய்கிறேன் செய்கிறேன் என்றாயே, அதே கால்வாய்தான்.

அன்புடன்,
வெரோனா


ஜூலை 17

அன்புள்ள லியாண்டருக்கு,

திட்டுவதாக இருந்தால் இந்தக் கடிதத்தை முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

போன சனிக்கிழமை ஜாடியிலிருந்து அரைக் கோப்பை எடுத்து ருசி பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. வழுவழுவென்று இறங்கியது. நார்பர்ட்டுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது போலும், அன்று மாலையே வந்துவிட்டான். பெருமையாக ஒரு கோப்பை கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னையே பார்த்தான். "வெரோனா, இது பீரா, பாப்கார்னா?" என்றான்.

வெண்ணெய் வாசனையாம். அது பெரிய குற்றமாம். "பாலும் வெண்ணெயுமா ஓடுற இந்த ஊர்ல, வெண்ணெய் குத்தம்னு சொன்ன முதல் விஸ்கான்சின்காரன் நீதான்டா" என்றேன். அவன் சிரிக்கவில்லை. நிலவறைக்குப் போய் உன் தாளைப் படித்தான். "இந்த ரெண்டு நாள் சூடு குடுத்தியா இல்லையா?" என்று கேட்டான். ஈஸ்ட் தான் போட்ட வெண்ணெயைத் தானே தின்று தீர்ப்பதற்குத்தான் அந்த இரண்டு நாளாம். நான் குளிரில் தள்ளியதால் அது வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்கிவிட்டது. நாள் முழுக்க வெண்ணெயிலேயே நிற்கிற என் மூக்குக்கு இது தெரியவே இல்லை. லியாண்டர், அவன் போனபின் நிலவறைப் படியில் உட்கார்ந்து அழுதேன். பீருக்காக இல்லை. "பாத்தியா, டின் பீர்" என்று நீ சொல்லிவிட்டு வராமலே இருந்துவிட இது ஒரு சாக்காகிவிடுமே என்று அழுதேன்.

மறுநாள் நார்பர்ட்டே வழி சொன்னான். இன்னொரு டின் பாகில் கொஞ்சம் காய்ச்சி, புது ஈஸ்ட் போட்டு, அது பொங்கி நுரைக்கும்போது ஜாடியில் ஊற்ற வேண்டும். பிறகு ஜாடியைக் குளிரிலிருந்து வெளியே எடுத்து ஒரு வாரம் வீட்டுச் சூட்டில் வைக்க வேண்டும். அப்படியே செய்தேன். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் எதையாவது போர்த்த வேண்டியிருந்தது. கைக்கு அகப்பட்டது உன் கோட்டு. தரையில் வைத்தால் கால் தட்டும் என்று உன் நாற்காலியில் ஏற்றி வைத்தேன்.

வேலை முடிந்து ஜோலின் உள்ளே வந்தாள். வந்தவள் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டாள். கோட்டுக்குள் இருப்பது ஜாடி என்று தெரிந்ததும் சிரித்தாள். "நான் ஒரு நிமிஷம் அப்பா வந்துட்டார்னு நெனச்சுட்டேம்மா" என்றாள். சிரிப்பதற்கு முன்னால் அவள் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன். அதைப் பற்றி வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

இந்த ஒரு வாரமும் ஜாடிக்கு எதிரேதான் சாப்பிடுகிறோம். உன்னைவிட அதிகம் பேசுகிறது, குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது.

உன் வெரோனா


ஆகஸ்ட் 28

அன்புள்ள லியாண்டருக்கு,

வெண்ணெய் போய்விட்டது! எனக்கு நேற்றும் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் நார்பர்ட் இரண்டு கோப்பை குடித்துவிட்டு மூன்றாவது கேட்டான். "சுட்ட ரொட்டி வாசனை, பின்னாடி லேசாக் கசப்பு. லியாண்டர்கிட்ட டின்னுன்னு சொல்லவே வேணாம், கண்டுபிடிக்க மாட்டான்" என்றான். முன்பே சொல்லிவிட்டேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டான். இப்போது பீர் உன் சின்னப் பீப்பாயில் நிலவறைக் குளிரில் இருக்கிறது. தக்காளியும் இந்த வருஷம் கொள்ளையாகக் காய்த்திருக்கிறது. குளிர்காலத்துக்கு இருபத்தாறு புட்டியில் வேகவைத்து அடைத்துவிட்டேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கேப்டன் விடுப்புக்குச் சரி சொல்லிவிட்டார், மாற்று ஆளும் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே "பார்க்கலாம்" என்றும் எழுதியிருக்கிறாய். இன்னும் என்ன பார்க்க வேண்டும்? உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் இல்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று கோவிலில் முன்வரிசையில் எப்படிப் போய் நிற்பது என்று யோசிக்கிறாய். நிற்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு சுத்தியலைப் பிடித்து ஒரு குழாயை அடிக்க உனக்குத் தெரியும். அந்த வேலைக்கு இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. டெட்ராய்ட்டில் ஓடுகிற கப்பலுக்குத் தபால் படகிலிருந்து வாளியில் கட்டி மேலே ஏற்றும்போது தண்ணீரில் விழுந்துவிடாமல் நீயே நின்று வாங்கிக்கொள். உள்ளே இருப்பது உன் அப்பாவின் பித்தளைக் குழாய். தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறேன். அது இல்லாமல் பதினேழாம் தேதி அந்தப் பீப்பாயை யாரும் திறக்க முடியாது. நார்பர்ட் தன்னிடமும் ஒன்று இருக்கிறது, கொண்டுவரவா என்றான். அதை எடுத்துக்கொண்டு என் வாசல்படி ஏறினால் காலை உடைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஓடி வந்து இறங்காதே. புதன்கிழமையே வா. குளிரிலிருந்து வருகிறவர்களுக்கு வீட்டுச் சூட்டில் இரண்டு நாளாவது வேண்டும், இந்த வருஷம் அதை நன்றாகக் கற்றுக்கொண்டேன். நாற்காலி காலியாக இருக்கிறது. கோட்டை வெளுத்து அதன் ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

பொட்டலத்தைக் கட்டியது ஜோலின். மூடுவதற்கு முன் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்தாள். நான் படிக்கவில்லை. நீ படி.

ஏரியில் காற்று அடங்கி இருக்கட்டும். கடவுள் உன்னை இந்தப் பக்கமாக ஓட்டிவரட்டும்.

காத்திருக்கும்
வெரோனா