பாக்கெட்டில் ஒரு கை

கர்னல்,

இன்று காலை தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கையில் மிக்ஸி புகைந்தது. கம்பிச்சுருளின் வார்னிஷ் கருகும் வாடை என் சமையலறையை நிறைத்தவுடன் நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். மல்லிகை வாசத்தில் நினைவுக்கு வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உங்களுக்கு வாய்த்தது கருகிய மோட்டார்தான். ஸ்விட்சை அணைக்க வலக்கையை நீட்டினேன். இடக்கை தானாகவே முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. புடவையில் பாக்கெட் கிடையாது என்பது என் நெடுநாளைய புகார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுன் தேவாலயத்தில் உங்களுக்கு நினைவுக் கூட்டம். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்லி உங்கள் மகள் நேற்று வந்திருந்தாள். அங்கே பேசுவதற்கு முன் உங்களிடம் பேசியாக வேண்டும்.

மின்னியலும் கணினியும் சேர்ந்த பட்டப்படிப்பை ஓர் இராணுவக் கல்லூரியில் கற்பிப்பது என்னவென்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சீருடை அணிந்த துறைத்தலைவர். நான் புடவை கட்டிய சிவிலியன் விரிவுரையாளர். மாணவர்கள் எல்லோரும் இளம் அதிகாரிகள். விடியலில் அவர்களை ஓடவிட்டு, அணிவகுத்து அழைத்துவந்து, உட்கார்ந்த மறுகணமே வகைக்கெழுச் சமன்பாட்டைக் கேட்போம். முதுகு வளையாமல் தூங்குகிற கலையை அவர்களிடம்தான் கண்டேன். தவறான விடையையும் முழங்கிச் சொல்வார்கள். முழக்கத்துக்கு மின்சாரம் மசியாது என்று புரியவைப்பதற்குள் முதல் பருவம் முடிந்துவிடும்.

மாணவனாக வந்திருந்த அந்தக் கேப்டனை நீங்கள் மறந்திருக்க முடியாது. ஆய்வகத்துக்குள் நீங்கள்தான் நுழைந்தீர்கள். எல்லோரும் எழும்படி வகுப்புத் தலைவன் குரல் கொடுத்தான். மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருந்த சுற்றில் ஒரு கையை வைத்திருந்த கேப்டன், பயிற்சி கற்றுத்தந்தபடி விறைத்து எழுந்தான். மறுகை மேசையின் இரும்புச் சட்டத்தில் பட்டது. சுவரோரமாகத் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தவன், நல்லவேளையாகப் பிழைத்தான். உலகத்தில் வேறெந்தக் கல்லூரியிலும் மரியாதையால் ஒருவன் சாகப் பார்த்திருக்க மாட்டான்.

"நான் வர்றப்போ எந்திரிக்காம வேற என்ன பண்ணுவான் மேடம்?" என்றீர்கள், முகம் வெளுத்துப்போய்.

"உயிரோட இருப்பான், சார்."

அன்றிலிருந்து என் ஆய்வகத்தில் ஒரு விதி. மேசையின் சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று பொருள்; அப்போது யார் வந்தாலும் எழக் கூடாது. ஒரு கைதான் வேலை செய்யும். மறுகை பாக்கெட்டில் இருக்கும். அதிர்ச்சி தாக்கினாலும் அது ஒரு கையில் புகுந்து நெஞ்சைக் கடந்து மறுகை வழியே வெளியேற இடம் இராது. சிப்பாய்க்கோ பாக்கெட்டில் கை வைப்பது குற்றம். உங்களுக்கு அது பொறுக்கவே இல்லை.

"பாக்கெட்ல கைய விட்டுட்டு நிக்கிறவன் சோல்ஜரா மேடம்? மெஜஸ்டிக் ஸ்டாண்ட்ல பஸ்ஸுக்கு நிக்கிறவன்."

"பஸ்ஸாவது என்னைக்காவது வரும் சார். உங்க சர்க்குலர்தான் வரவே வராது" என்றேன். என் விதியை எழுத்தில் உத்தரவாக்கித் தாருங்கள் என்று கேட்டுக் களைத்திருந்த காலம் அது. நீங்கள் அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆனால் அதன்பின் வராந்தாவிலேயே நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே வந்தீர்கள். அந்த இருமலை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு அத்திபெலேயிலிருந்து அந்த லெப்டினன்ட் வந்தாள். அப்பா லாரி டயர் கடைக்காரர். அந்த அணியில் அவள் ஒருத்திதான் பெண். தானே எழுதிய நிரலைக் கொண்டு ஒரு பெரிய மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தபோது, பார்வையிட வந்த பிரிகேடியர் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. "லைவ், சார்" என்றாள், அவ்வளவுதான். அவர் விளக்கைப் பார்க்கவில்லை, ஓடுகிற மோட்டாரைப் பார்க்கவில்லை. பாக்கெட்டை மட்டும் பார்த்தார். படிப்பிலிருந்து நீக்கி அவளைப் படைப்பிரிவுக்கே திருப்பி அனுப்பப்போவதாக மாலைக்குள் பேச்சு வந்தது. மறுநாள் விசாரணை.

என் அறைக்கு வந்தீர்கள். உட்காரக்கூட இல்லை.

"ஒரு சாரி சொல்லிடுங்க மேடம். அந்தப் பொண்ணும் சொல்லட்டும். விஷயம் முடிஞ்சிடும்."

"எதுக்கு சாரி? சாகாததுக்கா?"

"நீங்க சிவிலியன், உங்களுக்கென்ன. போறது அவ சீட்டு."

"நாங்க சாரி சொன்னா நாளைலேர்ந்து எல்லாரும் எந்திரிப்பாங்க சார். அப்புறம் என்னைக்காவது ஒருத்தன் எந்திரிக்கவே மாட்டான்."

அவளையும் அழைத்துக் கேட்டீர்கள். "தப்பு பண்ணியிருந்தா கேக்காமயே சொல்லியிருப்பேன் சார்" என்றாள். இரண்டு பெண்பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரியான ஜோடி" என்று முனகியபடி போனீர்கள்.

விசாரணை அறையில் எனக்குச் சுவரோரத்தில் ஒரு நாற்காலி. என்னிடம் கேள்வி வருமுன் நீங்கள் எழுந்தீர்கள். அந்த இளம் அதிகாரி உங்கள் உத்தரவின்படிதான் நடந்துகொண்டார் என்றீர்கள். உங்கள் துறையில் சிவப்பு விளக்கு எரிகையில் யார் வந்தாலும் எவரும் எழக் கூடாது என்றீர்கள்.

"எனக்குமா?" என்றார் பிரிகேடியர்.

"உங்களுக்கும், சார்."

அப்படியோர் உத்தரவு பிறந்ததே அந்தக் கணத்தில்தான் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு கர்னல் தன் பெயரில் ஏற்றுக்கொண்டதை ஒரு லெப்டினன்ட்டின் தலையில் கட்ட அவர்களால் முடியவில்லை. அவள் படித்து முடித்தாள். உங்களுக்கு அந்த ஆண்டு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை. கர்னலாகவே ஓய்வுபெற்ற நாளில் கல்லூரி வாசலில் வைத்து, "வீட்ல சொல்லாதீங்க மேடம்" என்றீர்கள். உங்கள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதே இல்லை. அதனால்தான் கீழ்ப்படிந்தேன். என் வாழ்வில் நான் கீழ்ப்படிந்த உத்தரவுகள் மிகக் குறைவு.

விசாரணை அறையில் நீங்கள் சொன்ன அந்த இரண்டு சொற்களை இன்றும் கையாண்டுவருகிறேன். நடைபாதையில் காரை நிறுத்துகிற குடியிருப்புச் சங்கத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். வரிசையை மீறி முன்னால் வந்த கவுன்சிலரிடம் சொல்லியிருக்கிறேன். "எனக்குமா?" என்று அவர்கள் கேட்கும் கணத்துக்காகவே காத்திருப்பேன். இந்த வயதில் வேறு பொழுதுபோக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

நேற்று உங்கள் மகள் நினைவுக் கூட்ட அட்டையை நீட்டினாள். 'கீழ்ப்படிதலுக்கு முன்மாதிரி' என்று உங்கள் படத்துக்குக் கீழே அச்சிட்டிருக்கிறார்கள். பிறகு காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஆன்ட்டி, அப்பாக்கு ஏன் பிரமோஷன் வரல? அவருக்கு அவ்ளோதான் கெப்பாசிட்டின்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க. அவர் ஒரு வார்த்த திருப்பிப் பேசல. நானும் அப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சுட்டேன்."

சொல்லவேண்டிய பதில் நாக்கு நுனிவரை வந்தது. உங்கள் உத்தரவு குறுக்கே நின்றது. "காப்பி ஆறுது, குடி" என்றேன். அவள் போனபிறகு என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. உங்கள்மேல் அதைவிட அதிகம். சொந்த வீட்டில் திறமையற்றவர் என்ற பெயரோடு இத்தனை காலம் உட்கார்ந்திருந்தீர்களே, எதற்காக? அடக்கமா? இல்லை கர்னல், அது பிடிவாதம். எனக்கு அதைத் தெரியும், என்னிடமும் இருக்கிறது.

ஆகவே, உங்கள் அனுமதியைக் கேட்டு இதை எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து, அந்த அட்டையில் இருப்பது தவறு என்று தொடங்குவேன். போதகர் நெளிவார்; உங்கள் பழைய சகாக்கள் தொண்டையைச் செருமுவார்கள். உங்கள் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் கேட்டதற்கான பதிலை நான் அவளைப் பார்த்துச் சொல்லப்போகிறேன்.