சவுடு என்று எழுதினார்கள்

இன்று காலை திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் போன லாரியின் தார்ப்பாய் கிழிந்திருந்தது. அதிலிருந்து பறந்தது வாயில் விழுந்து பல்லில் நறநறத்தது. நீ இருந்திருந்தால் எனக்கு முன்னால் சொல்லியிருப்பாய், மணல் என்று.

கல்லூரியில் நாம் இரண்டு பேரும் நிலவியல் படித்தோம். மற்றவர்கள் சல்லடையில் பிரித்ததை நீ வாயில் போட்டே பிரித்தாய்.

"நறநறன்னா மணலு. மாவு மாதிரி இருந்தா வண்டல். நாக்குல ஒட்டுனா களி."

"ஏலே, ஆடு மேஞ்ச எடம், துப்பு."

"அதுவும் படிவுதான்லே."

வேகமாக வரும் ஆறு முதலில் கூழாங்கல்லைப் போடும். தளர்ந்தால் மணலை, ஓய்ந்தால் களியை. மேலே விழுந்த பாரம் அழுத்தி, ஊறிய சுண்ணாம்பு ஒட்டி, கூழாங்கல் திரள்பாறையாகும், மணல் மணற்பாறையாகும், களி ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறையாகும். நீரில் கரைந்த சுண்ணாம்பே படிந்தால் சுண்ணாம்புக்கல். எதிலிருந்து வந்தது, பொடி எவ்வளவு பருமன் என்று பார்த்துத்தான் பெயர்.

நம் ஊர்க் கண்மாயில் ஆளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். சவுடு அள்ள, அதாவது கண்மாயில் படிந்த மண்ணை அள்ள, என் சித்தப்பா அனுமதி வாங்கினார். ஆள் உயரத்துக்குத்தான் சவுடு. அடியில் கிடந்தது பழைய ஆற்று மணல். அனுமதி இல்லாத அந்த மணலுக்குத்தான் லாரிகள் வந்தன.

அதை நிறுத்தச் சொல்லி நீ மனு எழுதிக்கொண்டு வந்தாய். உன் அப்பா எங்கள் புஞ்சையில் கூலிக்கு நின்றவர்.

"நீயும் கையெழுத்துப் போடுலே. ஒன் பேரு இருந்தா இது மனு. என் பேரு மட்டும் இருந்தா திமிருன்னுருவாக."

"சித்தப்பாகிட்ட மெதுவாப் பேசிப் பாக்குறேன்."

"பேசு, பேசு. அதுக்குள்ள ஆறு லோடு லோடா டவுனுக்குப் போயிரும்."

நான் சித்தப்பாவிடம் பேசவில்லை, கையெழுத்தும் போடவில்லை.

உன் சொல்லை மட்டும் வைத்து எவனும் நம்பமாட்டான். அதனால் சோதனைக்கு மண் எடுக்க, அவர்கள் தோண்டிய குழிக்குள் தனியாக இறங்கினாய். சுவர் சரிந்தது. களி செங்குத்தாக நிற்கும், காய்ந்த மணல் நிற்காது. உனக்குத் தெரியாததா? போலீஸ் தாளில் 'சவுடு மண் சரிந்து' என்று இருந்தது. உன்னைக் கொன்றதன் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள்.

இன்று தாலுகா ஆபீசில் உன் சாவு பற்றி விசாரணை. வாசலிலேயே சித்தப்பா மறித்தார். "படிச்சவன் நீ. சவுடுன்னு சொல்லிரு, முடிஞ்சுபோகும்."

மணல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுத்தர் என் பேரைப் படித்ததும் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க தம்பி." உன் அப்பா அதே அறையில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். அவரை உட்காரவைத்தேன். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நண்பா. அன்று உனக்குத் தராத அந்த ஒரு நிமிடத்தைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.